கொளத்தூர் வீட்டு லினக்ஸ் கணினியில் ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு: வாங்கியது முதல் நிலைபெற்றது வரை

பின்னணி

கொளத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டின் சின்ன அறையில் இன்டீரியர் டிசைன் வேலை செய்கிறார் ஒரு பெண்மணி. வாடிக்கையாளரின் ஹால், சமையலறை, படுக்கையறை எல்லாவற்றையும் ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கட்டி, உள்ளே நடந்து பார்ப்பதுபோல் ஒரு நிமிட வீடியோ எடுத்துக் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் மரவேலைக்கு முன்பணம் வரும். அவருடைய கணவர் என்னோடு முன்பு வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் கணினியில் எது நடந்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

கணினி பழையது, ஆனால் நல்ல நிலையில் இருந்தது. இன்டெல் ஐ5-4570, பி85 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, இரண்டு மானிட்டர். கிராஃபிக்ஸுக்கு என்விடியா ஜிடி 710. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பு இருந்தவரை அந்தக் கார்டு என்விடியாவின் 470 வரிசை டிரைவரில் ஓடியது. ஜிடி 710 சேர்ந்த கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்குக் கடைசி டிரைவர் வரிசை அதுதான்; அதற்கான ஆதரவு 2024-இல் முடிந்துவிட்டது. டெபியன் 13-க்கு மாறிய பிறகு கார்டு நூவோ என்ற திறந்த மூல டிரைவரில் ஓடியது. நூவோவில் கெப்ளர் கார்டின் வேகம் தானாக ஏறாது, கணினி துவங்கும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே நிற்கும். ப்ளெண்டரில் ஒரு சோபாவைச் சுற்றிப் பார்ப்பதற்குள் திரை திக்கித் திக்கி நகர்ந்தது. "அண்ணா, கிளையன்ட் பக்கத்துல உக்காந்திருக்கும்போது அவமானமா இருக்கு" என்றார். பட்ஜெட் பத்தாயிரம் ரூபாய். புதுக் கார்டுக்கு அது போதாது என்பதால் செகண்ட் ஹேண்ட் என்று முடிவானது.

எந்தக் கார்டு, ஏன்

பேச்சில் இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று ஏஎம்டி ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. 2017-இல் வந்தது. இன்னொன்று என்விடியா ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. 2019-இல் வந்தது. 1650-இன் பெரிய வசதி மின்சாரம். 75 வாட்டுக்குள் ஓடும் என்பதால் பல மாடல்களுக்குத் தனி மின்கம்பியே தேவையில்லை, மதர்போர்டு ஸ்லாட்டே போதும். 580-க்கு 185 வாட் வேண்டும், 8 பின் இணைப்பும் வேண்டும்.

ப்ளெண்டரில் ஈவீ, சைக்கிள்ஸ் என்று இரண்டு ரெண்டர் (மாதிரியைப் படமாக்கும்) முறைகள் உண்டு. ஈவீ எந்த நல்ல கார்டிலும் ஓடும். சைக்கிள்ஸ் அப்படி இல்லை. 2021 டிசம்பரில் வந்த ப்ளெண்டர் 3.0-இல், ஏஎம்டி கார்டுகள் சைக்கிள்ஸுக்குப் பயன்படுத்திய ஓபன்சிஎல் முறைக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். ஏஎம்டிக்கு அதன் இடத்தில் வந்த ஹிப் முறை 580-இன் போலாரிஸ் தலைமுறையை ஏற்பதில்லை. அதாவது 580 வாங்கினால் சைக்கிள்ஸ் வேலை முழுவதும் பிராசஸர் தலையில்தான். இதை வாங்குவதற்கு முன்பே அவரிடம் தெளிவாகச் சொன்னேன். வீடியோ எல்லாம் ஈவீயில்தான், சைக்கிள்ஸில் எப்போதாவது ஒரு படம், அதை இரவு போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன் என்றார். அவருடைய காட்சிகளில் மரம், கிரானைட், திரைச்சீலை என்று பெரிய டெக்ஸ்சர் படங்கள் நிறைய. 4 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். விலையிலும் அந்த வாரம் 1650-க்கு 8,500 கேட்டார்கள், 580-க்கு 6,500. இன்னொன்றும் 580 பக்கம் சாய்த்தது. அதன் டிரைவர் லினக்ஸின் மையநிரலான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, மீதி மீசா என்ற திறந்த மூல கிராஃபிக்ஸ் நூலகத்தில் இருக்கிறது. 470-க்கு நேர்ந்ததுபோல் நிறுவனம் ஒருநாள் கதவைச் சாத்தும் பயம் குறைவு. 580-ஐத் தேர்ந்தெடுத்தோம்.

ரிச்சி தெருவில்

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்கு நடந்தோம். பழைய கார்டு விற்கும் ஒரு மாடிக் கடை. 580 கார்டு நான்கு இருந்தன. "மைனிங் கார்டு இல்ல சார், கேமிங் பையன் கொடுத்தது" என்றார் கடைக்காரர்.

எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் 2022 செப்டம்பர் 15-இல் முறை மாறியதும் கிராஃபிக்ஸ் கார்டு வைத்து அதைத் தோண்டும் தொழில் (மைனிங்) ஒரே நாளில் நின்றது. அதில் ராப்பகலாக ஓடிய கார்டுகள்தான் பழைய சந்தைக்குக் கூட்டமாக வந்தன, 580 வகை குறிப்பாக நிறைய. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒரு கார்டைத் தள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே வேகத்தில் ஒரே சூட்டில் ஓடிய கார்டு, தினமும் சூடாகி ஆறும் கார்டைவிட நல்ல நிலையில் இருக்கலாம். அதன்மேல் என்ன மாற்றம் செய்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கத் தவறியதும் அதைத்தான்.

கையோடு டெபியன் பென் டிரைவ் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் மறுப்புச் சொல்லாமல் தன் சோதனைக் கணினியில் செருகவிட்டார். செருகிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் கார்டின் அடையாள எண் 67டிஎஃப் என்று வந்தது. இதைப் பார்க்க ஒரு காரணம் உண்டு. 580 என்ற அதே பெயரில் சீனச் சந்தைக்காக 2018-இல் ஒரு குறைந்த வடிவம் வந்தது. அசல் 580-இல் 2304 ஷேடர்கள் (படம் வரையும் சிறு கணக்குப் பிரிவுகள்), அதில் 2048. அதன் அடையாள எண் 6எஃப்டிஎஃப். நம் கையில் இருந்தது அந்தக் குறைந்த வடிவம் இல்லை. பிறகு ஜிஎல்மார்க்2 என்ற கிராஃபிக்ஸ் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டினேன். திரையில் புள்ளி, கோடு எதுவும் இல்லை. காற்றாடிகள் சத்தமில்லாமல் சுற்றின. 6,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். ஏழு நாள் செக்கிங் வாரண்டி என்று பில்லில் எழுதிக் கொடுத்தார்.

கடையில் ஏசி ஓடியது. பின்னால் யோசிக்கும்போது இது முக்கியமாகப் பட்டது.

எஸ்எம்பிஎஸ்

வீட்டில் இருந்த எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) 450 வாட் என்று போட்டிருந்தது. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசஸரும் உண்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான். கார்டுக்கு 185, பிராசஸருக்கு 84 என்றாலே 269 ஆகிவிடுகிறது. 8 பின் கம்பியும் அதில் இல்லை. இரண்டு மோலெக்ஸ் (பழைய வகை 4 பின்) இணைப்புகளை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரைக் கடைக்காரர் 150 ரூபாய்க்குக் காட்டினார். வேண்டாம் என்றேன். 8 பின் இணைப்பு 150 வாட் வரை எடுக்க உரிமை உள்ளது. மெல்லிய கம்பியும் தளர்ந்த மோலெக்ஸ் முனையும் அந்தச் சுமையில் சூடாகி உருகும். மரச்சாமான் மாதிரிகளும் துணி சாம்பிள்களும் குவிந்த அறையில் அந்த ஆபத்தை ஏற்க எனக்கு மனமில்லை. 550 வாட், ப்ரோன்ஸ் (வெண்கல) தரச் சான்றுள்ள புது எஸ்எம்பிஎஸ் 4,200 ரூபாய்க்கு வாங்கினோம். மொத்தம் 10,200. பட்ஜெட்டை 200 ரூபாய் தாண்டியதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பொருத்திய நாள்

ஞாயிறு காலை. பழைய கார்டைக் கழற்றுவதற்கு முன்பே ஏஎம்டிக்கான ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் நிரல்) பொதியை நிறுவினேன். டிரைவர் கர்னலில் இருந்தாலும் ஃபர்ம்வேர் கோப்புகள் டெபியனில் தனிப் பொதியாக, நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பகுதியில் இருக்கின்றன. அவை இல்லாமல் துவக்கினால் டிரைவர் பாதியில் நின்று கறுப்புத் திரைதான் வரும். எஸ்எஸ்எச் சேவையையும் இயக்கி வைத்தேன். திரை வராமல் போனால் லேப்டாப்பிலிருந்து உள்ளே போகலாம்.

கார்டைப் பொருத்தித் துவக்கியதும் படம் வந்தது, ஆனால் 1024-க்கு 768-இல், ஒரே மானிட்டரில். ரெண்டரர் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தது. அதாவது பிராசஸரே படம் வரைகிறது. கார்டு கெட்டுவிட்டதோ என்று அவர் முகம் வாடியது. காரணம் வேறு. போன வருடம் என்விடியா டிரைவர் தகராறு செய்தபோது, யாரோ சொன்னதைக் கேட்டு துவக்க நிரலான கிரப்பின் கோப்பில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்திருந்தார்கள். அது இருக்கும்வரை ஏஎம்டிஜிபியு டிரைவர் ஏறாது. அதை நீக்கினேன். என்விடியாவுக்காக எழுதியிருந்த எக்ஸார்க் (திரை அமைப்பு) கோப்பையும் மிச்சமிருந்த என்விடியா பொதிகளையும் அகற்றி, கிரப்பைப் புதுப்பித்து மறுபடி துவக்கியதும் இரண்டு மானிட்டரும் முழு அளவில் எழுந்தன. சோபா வெண்ணெய்போல் சுழன்றது. அன்று மதியம் அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு.

முதல் முடக்கம்

திங்கள் மதியம் மூன்று மணிக்கு போன் வந்தது. வீடியோ ரெண்டர் போட்டு இருபது நிமிடத்தில் திரை உறைந்து, கறுத்து, பிறகு லாகின் பக்கம் வந்திருக்கிறது. மறுபடி போட்டதில் இருபத்தைந்தாவது நிமிடத்தில் அதே கதை. எஸ்எஸ்எச்சில் போய் கணினியின் பதிவேடான ஜர்னலைப் பார்த்தேன். ஜிஎஃப்எக்ஸ் ரிங் டைம்அவுட், அதைத் தொடர்ந்து ஜிபியு ரீசெட். கார்டு கொடுத்த வேலையை முடிக்காமல் நின்றுவிட்டது, டிரைவர் அதைத் தட்டி எழுப்பியது என்று பொருள். ஏன் நின்றது என்பதை இந்த வரி சொல்லாது. டிரைவர் பிழை, சூடு, மின்சாரம், கார்டின் மெமரி என்று எதுவானாலும் இதே வரிதான் வரும்.

கடைக்குப் போன் செய்தோம். "லினக்ஸ்னா அப்படித்தான் சார், விண்டோஸ் போட்டுப் பாருங்க" என்றார்கள்.

தவறான திசையில் கழிந்த நாட்கள்

செவ்வாயன்று நான் டிரைவரைச் சந்தேகித்தேன். கடைக்காரர் சொன்னது என்னையும் அசைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கர்னலில் துவக்கிப் பார்த்தேன், கார்டின் மின்சேமிப்பு வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. அதற்கிடையில் சென்சார்ஸ் கட்டளையில் சூடு 84 டிகிரியைத் தொட்டது கண்ணில் பட்டது. அறையின் சூடே 35. சந்தேகம் அந்தப் பக்கம் திரும்பியது.

மறுநாள் ஆயுதபூஜை. பூஜை போட்ட பிறகு கருவிகளைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் காலை ஆறு மணிக்கே போய்க் கார்டைத் திறந்தோம். தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. மெமரி சிப்களின் மேலிருந்த பேட்களில் இரண்டு கிழிந்திருந்தன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, பழைய பேட்டின் கனத்தை அளந்து அதே கனத்தில் புதியது வெட்டி ஒட்டினோம். எட்டு மணிக்குள் கேபினெட்டை மூடி, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. ஏழு நாளில் ஒரு நாள் இப்படிப் போனது.

விஜயதசமியன்று காலை ரெண்டர் போட்டோம். சூடு 73-இல் நின்றது. இருபது நிமிடம், முப்பது, நாற்பது. அவர் கோயிலுக்குக் கிளம்பினார். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் திரை கறுத்தது.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. நேரம் இருபதிலிருந்து ஐம்பதாக நீண்டதைப் பார்த்து, சூடுதான் காரணம், இன்னும் ஒரு காற்றாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். காற்றாடி வாங்கக் கிளம்பியும் விட்டேன். சூட்டைக் குறைத்தால் கோளாறு தள்ளிப்போகிறது என்பதற்கும் சூடுதான் கோளாறு என்பதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு வண்டியில் போகும்போதுதான் உறைத்தது. 73 டிகிரி இந்தக் கார்டுக்கு ஒரு பொருட்டே அல்ல. அதில் நிற்கிறதென்றால் ஏதோ ஒன்று ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறது. திரும்பி வந்தேன்.

எண்கள் காட்டியது

மெம்டெஸ்ட் வல்கன் என்ற சிறு கருவியைப் போட்டு கார்டின் மெமரியைச் சோதித்தேன். நான்காவது நிமிடத்தில் முதல் பிழை. பத்து நிமிடத்துக்குள் பல பிழைகள். மெமரி சிப் போய்விட்டது, கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. அதற்கு முன், கார்டு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று கர்னலின் சிஸ் அடைவில் இருக்கும் இரண்டு கோப்புகளைத் திறந்தேன். சனிக்கிழமை கடையிலேயே திறந்திருக்க வேண்டியவை.

580 8 ஜிபி கார்டின் மெமரிக்கு வேகப் படிகள் 300, 1000, 2000 மெகாஹெர்ட்ஸ். இதில் கடைசிப் படி 2150 என்று இருந்தது. மையச் சிப்பின் உச்ச வேகம் 1340-ஐ ஒட்டியோ, தயாரிப்பாளரைப் பொறுத்து சற்று மேலோ இருக்க வேண்டும். இதில் 1150. மெமரி அசலைவிட வேகம், சிப் அசலைவிட மெதுவு. விளையாடுகிறவர் யாரும் இப்படி வைக்க மாட்டார்கள். எத்தீரியம் தோண்ட மெமரி வேகம் வேண்டும். சிப் வேகம் வேண்டாம், அது மின்கட்டணத்தைத்தான் ஏற்றும். கார்டின் பயாஸை, அதாவது எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் அதன் உள்நிரலை, திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

இதனால் ஒரு புதிரும் அவிழ்ந்தது. ஏஎம்டியின் விண்டோஸ் டிரைவர் கார்டு பயாஸின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். திருத்தப்பட்டிருந்தால் ஏற்க மறுக்கும். லினக்ஸ் டிரைவர் அந்தச் சோதனையைச் செய்வதில்லை, பயாஸ் சொன்ன வேகத்தில் அப்படியே ஓட்டும். கடைக்காரர் சொன்னபடி விண்டோஸ் போட்டிருந்தால் இந்தப் பயாஸோடு கார்டு ஒழுங்காக எழுந்திருக்கவே வாய்ப்பில்லை. ஏசி அறையில் பத்து நிமிடம் தாங்கிய மெமரி, மொட்டை மாடிக்குக் கீழே 35 டிகிரி அறையில் தாங்கவில்லை.

திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா

கார்டின் மேல் விளிம்பில் ஒரு கடுகளவு சுவிட்ச் இருந்தது. இரண்டு பயாஸ் உள்ள மாடல் அது. மைனிங் செய்கிறவர்கள் பொதுவாக ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை அவசரத்துக்கு அசலாகவே விட்டுவைப்பார்கள். இருக்கும் பயாஸை முதலில் டிரைவரின் டீபக் அடைவிலிருந்து நகலெடுத்துக்கொண்டேன். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, சுவிட்சை மறுபக்கம் தள்ளினேன். மறுபடி துவக்கியபோது கர்னல் பதிவில் பயாஸின் பெயர் வேறாக வந்தது. மெமரி 2000, சிப் 1366.

அன்று மாலை ஒரு மணி நேரம் மெமரி சோதனை, பிழை இல்லை. வெள்ளியன்று உச்சி வெயிலில், கதவை மூடி, ஏசி இல்லாமல் மூன்று மணி நேரம் தொடர்ந்து ரெண்டர். கார்டு நிற்கவில்லை.

சனிக்கிழமை வாரண்டி முடிகிறது. கடை உண்மையைச் சொல்லவில்லை என்ற கோபம் அவருக்கு இருந்தது, நியாயமான கோபம். ஆனால் திருப்பிக் கொடுத்தால் அதே கடையின் வேறு கார்டுதான் வரும், அதன் வரலாறும் தெரியாது. கையில் இருப்பதன் குறை என்னவென்று இப்போது தெரியும், பேஸ்ட்டும் பேட்டும் புதியவை, வெயில் சோதனையிலும் தேறிவிட்டது. வைத்துக்கொள்வது என்று அவரே முடிவெடுத்தார். திருத்திய பயாஸை அழித்து அசலை எழுதலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எழுதும் நடுவில் கரன்ட் போனால் அந்தப் பயாஸ் பாழாகும், எழுதுவதால் புதிதாகக் கிடைப்பதும் ஒன்றுமில்லை. சுவிட்ச் தவறி நகராதபடி மேலே ஒரு துண்டு டேப் ஒட்டினோம்.

யுபிஎஸ்

ஒரு வாரம் கழித்து வேறொரு தொல்லை. ரெண்டர் நடுவில் கரன்ட் போனதும் யுபிஎஸ் ஒருமுறை கத்திவிட்டு அணைந்தது. 600 விஏ யுபிஎஸ், 360 வாட்டுக்கானது. கணினியோடு இரண்டு மானிட்டரும் அதில்தான். இரண்டாவது மானிட்டரை நேரடி பிளக்குக்கு மாற்றினோம். கார்டின் மின் உச்சவரம்பையும் 145 வாட்டிலிருந்து 115-ஆகக் குறைத்தேன். இந்த வகைக் கார்டில் டிரைவர் காட்டுவது சிப்பின் செலவு மட்டுமே, கார்டு முழுவதன் செலவு இன்னும் கூடுதல். வரம்பு ஒவ்வொரு துவக்கத்திலும் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதால் அதைத் தானாக எழுத ஒரு சிறு சிஸ்டம்டி சேவை வைத்தேன். ஒரு சோதனை வீடியோ முன்பு 11 நிமிடம் 20 நொடியில் முடிந்தது, இப்போது 11 நிமிடம் 55 நொடி. சூடு 66-க்கு இறங்கியது. ரெண்டர் ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம். யுபிஎஸ் நான்கு நிமிடம் தாங்கியது, வேலையைச் சேமிக்க அது போதும்.

அதன் பிறகு

பொங்கல் வரையிலான பதிவு என்னிடம் இருக்கிறது. ஜர்னலில் ரிங் டைம்அவுட் ஒன்றுகூட இல்லை. நவம்பர் மழையில் கரன்ட் வந்து வந்து போன நாட்களிலும் கார்டு நிலையாக இருந்தது. வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சுவர் நிறத்தை மாற்றிக் காட்ட முடிகிறது என்று சந்தோஷப்பட்டார். ஒரு குறை வந்திருக்கிறது. டிசம்பரில் ஒரு பெரிய வேலைக்கு சைக்கிள்ஸ் படங்கள் பதினைந்து கேட்டார்கள். பிராசஸரில் ஓட்டி ஐந்து இரவுகள் ஆயின.

மாற்றிச் செய்வது

சைக்கிள்ஸ் பற்றி நான் கேட்ட கேள்வி சரிதான், கேட்ட விதம் போதவில்லை. இப்போது என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அடுத்த வருடம் எந்த வேலை பிடிக்க நினைக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தால், 1650 பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் நின்று யோசித்திருப்போம்.

கடையில் செலவிட்ட பத்து நிமிடத்தை வேறு மாதிரிப் பயன்படுத்துவேன். மெமரி, சிப் வேகப் படிகளைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது; அங்கேயே 2150-ஐயும் 1150-ஐயும் பார்த்திருப்பேன், சுவிட்சையும் அங்கேயே தள்ளிப் பார்த்து விலையையும் பேசியிருக்கலாம். பாக்கி நேரத்துக்கு மெமரி சோதனை. அது இப்போது என் பென் டிரைவிலேயே இருக்கிறது. முடக்கம் வந்த பிறகும் டிரைவர், சூடு என்று ஊகத்தின் பின்னால் ஓடாமல் மெமரி சோதனையில் தொடங்குவேன். மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். பேஸ்ட் மாற்றியதை மட்டும் வீண் என்று சொல்ல மாட்டேன், அந்தக் கார்டுக்கு அது எப்படியும் வேண்டியிருந்தது.

கேபினெட்டின் பக்கத் தகட்டுக்கு உள்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம். மெமரி 2000, சிப் 1366, வரம்பு 115 வாட், பேஸ்ட் மாற்றியது ஆயுதபூஜை காலை, டேப்பை எடுக்காதீர்கள் என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது.